தாத்தா பாட்டியுடன் கழிக்கும் பொழுது: கூட்டமாகப் போவதா, ஒருவராகப் போவதா?

கேள்வி, 8 பிப்ரவரி 2025

நாங்கள் ஆறு பேரும் மாதம் ஒருமுறை என் கணவரின் பெற்றோரைப் பார்த்துவரச் செல்கிறோம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். மாமனார் ஓரமாக அமர்ந்து புன்னகைத்துக்கொண்டிருப்பார். சிறிது நேரத்தில் எழுந்து தம் அறைக்குப் போய்விடுவார். பிள்ளைகளோ அதற்குள் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு நம் கூட்டம் பிடிப்பதில்லை, அமைதிதான் வேண்டியிருக்கிறது என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். இது சரிதானா? இல்லையென்றால் அந்த ஒரு நாளை உருப்படியாகக் கழிக்க என்ன செய்யலாம்?

8 பிப்ரவரி 2025, இரவு

அவருக்கு அமைதிதான் பிடிக்கும் என்ற முடிவுக்கு வருமுன், அந்தக் கூடத்தில் நடக்கும் பேச்சு அவர் காதில் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். வயதால் வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை. உயர்ந்த அலைவரிசையில் உள்ள கீச்சென்ற ஒலிகளையே முதலில் பறிக்கிறது. உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் வலுவாக இருப்பதால் அவை கேட்கும். ச, ஷ, ஃப போன்ற மெய்யொலிகளின் கூர்மைதான் தொலைந்துபோகும். ஆகவே யாரோ பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள்.

ஆறு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசும் அறையில் அவர் பாதி சொற்களைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊகம் மனத்தைக் களைப்படையச் செய்யும் வேலை. திரும்பத் திரும்ப "என்ன சொன்னாய்?" என்று கேட்கக் கூச்சப்படுகிறவர் புன்னகைத்துக்கொண்டிருப்பார், களைத்ததும் எழுந்து போவார். உங்கள் மாமனாரும் அப்படித்தான் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி அமர வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பேசினால் உதட்டசைவு இருட்டில் போய்விடும். பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பும்போது, "இப்போது வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசுகிறோம்" என்று ஒரு வரியில் அவரிடம் சொல்லுங்கள். கத்த வேண்டாம். கத்தும்போது உதட்டசைவு கோணலாகிறது, சொற்களின் ஒலியும் சிதைகிறது. நிதானமாக, சற்றே அழுத்தமாகப் பேசினால் போதும். செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.

9 பிப்ரவரி 2025

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். குடும்பம் முழுவதும் ஒரே நாளில் திரண்டு போவதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பார்ப்பது வேறு, பழகுவது வேறு. கூட்டத்தில் பெரியவர்களைப் பார்க்கலாம். பழகுவதற்கு இருவர் மட்டும் இருக்க வேண்டும், இருவர் கையிலும் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

இதை என் தந்தையிடமும் என் இளைய மகளிடமும் கண்டேன். நாங்கள் எல்லோரும் சூழ்ந்திருக்கும்போது அவர் அவளிடம் கேட்கும் கேள்விகள் "படிப்பு எப்படிப் போகிறது?" என்பதைத் தாண்டியதே இல்லை. ஒருநாள் எனக்கு வெளியே வேலை இருந்ததால் அவளை மட்டும் அவரிடம் விட்டுச் சென்றேன். திரும்பி வந்தபோது அவருடைய பழைய கருவிப் பெட்டி தரையில் கவிழ்க்கப்பட்டிருந்தது. இருவரும் திருகாணிகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கான திருகாணி எது, இரும்புத் தகட்டுக்கானது எது, மரை ஏன் இரண்டிலும் வேறுபடுகிறது என்று அவர் சொல்ல, அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிறு டப்பாக்களில் போட்டாள். இடையிடையே, முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தம்மை யாரும் மதிக்கவில்லை என்றும், ஒரு மூத்த தொழிலாளி மட்டும் கூப்பிட்டுக் கற்றுத்தந்தார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பிள்ளையாகிய என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லாத செய்தி அது. எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கை வேலையில் இருந்ததால் வாய் தானாகத் திறந்தது.

11 பிப்ரவரி 2025

ஒரு வாசகர் சரியான முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். காது மந்தமானவருக்கு முகத்துக்கு நேராகப் பேச வேண்டும் என்று முதலில் எழுதினேன்; பக்கத்தில் அமர்ந்து வேலை செய்தால்தான் பேச்சு வரும் என்று மறுநாள் எழுதினேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்கிறார்.

மேசையின் மூலையைப் பயன்படுத்துங்கள். பெரியவர் ஒரு பக்கத்திலும் பிள்ளை அதை ஒட்டிய பக்கத்திலுமாக அமர்ந்தால், வேலை இருவருக்கும் எட்டும் தொலைவில் இருக்கும். தலையைச் சற்றுத் திருப்பினாலே முகமும் தெரியும். எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்தில் பிள்ளை அமர வேண்டும். சுத்தியல் தட்டும்போதும் தண்ணீர் ஓடும்போதும் பேசாமல், கை ஓய்ந்த நேரத்தில் பேசப் பழக்கிவிடுங்கள். கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். வயதான மூளை விடையை மறந்துவிடுவதில்லை. எடுத்துத்தரச் சற்று நேரம் கேட்கிறது. அந்த இடைவெளியில் நாம் இன்னொரு கேள்வியைத் திணித்தால் இரண்டுமே கலைந்துபோகின்றன.

15 பிப்ரவரி 2025

கதை கேட்பதைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா" என்று கேட்டால் பெரும்பாலும் "என்ன இருக்கிறது சொல்ல?" என்றுதான் பதில் வரும். கேள்வி அத்தனை பெரிதாக இருந்தால் யாராலும் பிடித்துக்கொள்ள முடியாது. முதியவர்களின் நினைவுகளை ஆராய்ந்த உளவியலாளர்கள், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நிகழ்ச்சிகளே மற்ற வயதுகளைவிட அடர்த்தியாக நினைவில் நிற்பதைத் தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் பிரிவு, சொந்தமாக எடுத்த முதல் முடிவு எல்லாம் பெரும்பாலும் அந்த வயதில்தான் நிகழ்கின்றன. ஆகவே அந்தக் காலத்துக்குள் நுழையும் சிறிய, தொட்டுணரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பள்ளியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார்? முதல் சம்பளத்தை யார் கையில் கொடுத்தீர்கள்? சிறுவயதில் இருந்த வீட்டில் இரவில் விளக்கு எங்கே இருக்கும்? விளக்கில் தொடங்கினால் அறை வரும், அறையில் இருந்த மனிதர்கள் வருவார்கள்.

முதியவர்கள் பழைய கதையையே பேசுவதை ஒரு காலத்தில் மருத்துவர்கள்கூட மனத் தளர்ச்சியின் அறிகுறியாகவே பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் அதற்கு மாறான கருத்தை எழுதினார்: வாழ்ந்த வாழ்வைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்த்துக்கொள்வது முதுமையின் இயல்பான வேலை என்றார் அவர். இதைப் படித்த பிறகு, ஒரே கதை மூன்றாம் முறை வரும்போது எனக்கிருந்த பொறுமையின்மை குறைந்தது. இப்போது அந்தக் கதையின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். "அன்றைக்கு உங்கள் அக்கா எங்கே இருந்தார்?" என்று கேட்டால், பழகிய கதைக்குள்ளிருந்தே புதிய கதை ஒன்று கிளம்பிவிடும்.

எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகிய இரு உளவியலாளர்கள், பிள்ளைகளுக்குத் தம் குடும்ப வரலாறு எவ்வளவு தெரியும் என்று அறிய 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா, பாட்டி எங்கே வளர்ந்தார் என்று தெரியுமா என்பது போன்ற கேள்விகள் அவை. அதிகமாக அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்வித்தால் அந்தப் பலன் கிடைத்துவிடாது என்பதையும் அந்த ஆய்வாளர்களே வலியுறுத்தியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பேசிய குடும்பத்தில்தான் அந்த விவரங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பலன் அந்தப் பேச்சிலிருந்து வருகிறது. தயவுசெய்து இதைத் தேர்வாக நடத்திவிடாதீர்கள்.

பதிவு செய்வதென்றால் முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். கைப்பேசியை மேசையில் வெறுமனே வைத்தால் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும். மடித்த துணியின் மேல், அவருக்கு அருகில் வையுங்கள். சாதாரண மனிதர்களின் உரையாடல்களைப் பதிவு செய்வதற்காக அமெரிக்காவில் 2003-இல் தொடங்கப்பட்ட ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு ஓர் அமர்வுக்கு 40 நிமிடம் என்று வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதுவே மேல்வரம்பாக இருக்கட்டும். பதிவை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள். பேசும்போது அவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் தோண்ட வேண்டாம். சொல்லாமல் விடுவதும் அவருக்குள்ள உரிமை.

16 பிப்ரவரி 2025

நேற்றையதில் ஒளிப்படங்கள் விடுபட்டுவிட்டன. படத்தின் பின்புறத்தில் பெயர், இடம், உத்தேசமான ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் வரி போடும், மையும் ஊறக்கூடும். சிறிய படங்களை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேனரில் வருடி எடுத்தால் பெரிதாக்கிப் பார்க்க முடியும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆதலால் படம் பார்க்கும் இடத்தில் பக்கவாட்டிலிருந்து நல்ல விளக்கு வேண்டும், அது கண்ணைக் கூசச் செய்யாமலும் இருக்க வேண்டும்.

எந்தப் படத்தை முதலில் எடுப்பது, எதை ஒதுக்கி வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

22 பிப்ரவரி 2025

"நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம், மேசை மூலைக்கு எங்கே போவது?" என்ற கேள்விக்கு:

சாதாரணத் தொலைபேசி இணைப்பு நெடுங்காலமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தி வந்திருக்கிறது. மெய்யொலிகளின் கூர்மையில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. காது மந்தமான பாட்டி தொலைபேசியில் "சரி, சரி" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இணையவழி அழைப்புகள் பெரும்பாலும் இதைவிட அகன்ற அலைவரிசையைத் தருகின்றன. காணொளியில் உதட்டசைவும் தெரிகிறது. கைப்பேசியைக் கையில் ஆட்டிக்கொண்டிராமல், முகத்துக்கு நேரே ஓரிடத்தில் நிறுத்திவைத்துப் பேசுங்கள்.

சிறு பிள்ளையைத் திரையின் முன் நிறுத்தி "பாட்டியிடம் பேசு" என்றால் அது ஓடத்தான் செய்யும். இங்கேயும் இருவருக்கும் ஒரு வேலை வேண்டும். ஒரே புத்தகத்தின் இரு பிரதிகளை வாங்கி, இரு வீட்டிலும் திறந்து வைத்துப் பாட்டி ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாக உரக்கப் படிக்கலாம். சதுரங்கத்தை ஓர் அழைப்புக்கு ஒரு நகர்வு என்ற கணக்கில் மாதக்கணக்கில் ஆடலாம். இரு வீட்டிலும் பலகை கலையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நகர்வைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எதிரே ஆடுகிறவரின் நினைவும் கூடவே வருகிறது. நீண்ட அழைப்பு எப்போதாவது ஒன்று வருவதைவிட, குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் வரும் குறுகிய அழைப்பே பெரியவர்களுக்கு மேலானது. அதற்காகக் காத்திருக்கும் பொழுதும் அவர்களுக்கு இன்பமானதே. பெரிய எழுத்தில் எழுதிய கடிதத்தையும் மறக்க வேண்டாம். அதைத் திரும்ப எடுத்துப் படிக்கலாம், அழைப்பை அப்படிச் செய்ய முடியாது.

1 மார்ச் 2025

மறதிநோய் கண்ட பாட்டியைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "யாரென்றே தெரியாதபோது போய் என்ன பயன்?" என்ற அவருடைய வரி என்னை மிகவும் வருத்தியது. போங்கள் என்பதே என் பதில்.

2014-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆல்சைமர் எனப்படும் மறதிநோய் கண்டவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். சற்று நேரத்தில் நோயாளிகளுக்குப் பார்த்த காட்சி பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய உணர்ச்சி அதற்குப் பிறகும் நீடித்தது. நீங்கள் வந்து போனது பாட்டிக்கு நினைவில்லாமல் போகலாம். நீங்கள் இருந்தபோது ஏற்பட்ட மனநிறைவு அவருடன் தங்கியிருக்கும். முகம் சுளித்துப் பேசினால் அந்தக் கசப்பும் தங்கியிருக்கும்.

"நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதிக்கவே கூடாது. "பாட்டி, நான் உங்கள் பேத்தி" என்று பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே அருகில் செல்ல வேண்டும். இறந்துபோன அண்ணனை அவர் தேடினால், இறந்த செய்தியைச் சொல்லி மீண்டும் ஒரு முறை அழவைக்காதீர்கள்; அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். பலருக்கு மாலை நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும், ஆகவே காலையில் போவது நல்லது. அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும். கை பழகிய வேலைகளும் இளமையில் கேட்ட பாடல்களும் நெடுநாள் நிற்கும். என் மாமியார் எங்கள் பெயர்களை மறந்த பிறகும், துவைத்த துண்டுகளை முன்னால் வைத்தால் விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து அடுக்கினார். என் மகள் பக்கத்தில் அமர்ந்து மடிக்கும்போது, கோணலாக மடித்ததை வாங்கிப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பார். அந்த நேரத்தில் அவர் கற்றுத்தருகிறவராக இருந்தார். அவர் அறியாமல் நாங்கள் சில துண்டுகளைக் கலைத்து மீண்டும் கொண்டுவந்து வைத்ததும் உண்டு.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். மூளையில் வந்த நோயால் பாட்டிக்குப் பெயர்கள் மறக்கின்றன, உன்மேல் அன்பு குறைந்ததால் மறக்கவில்லை என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

4 மார்ச் 2025

"நாங்கள் வேலைக்குப் போவதால் பிள்ளைகள் தினமும் தாத்தா பாட்டியுடன்தான் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அது அவர்கள் உங்களுக்குச் செய்யும் பெரும் உதவி. முதியவர்கள் உதவுவதில் தவறில்லை. மனித இனத்தின் நீண்ட வரலாற்றில் பாட்டி ஒருநாளும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கவில்லை. வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழும் தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும், தாய் கைக்குழந்தையைக் கவனிக்கும் காலத்தில் மூத்த பிள்ளைகளின் உடல் வளர்ச்சி பாட்டி தோண்டியெடுக்கும் கிழங்கைச் சார்ந்திருந்ததைக் கண்டார்கள். தாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு முதியவர்களுக்கு வேண்டும்.

ஆனால் மறுக்க முடியாத வேலை சுமையாகிவிடும். பள்ளியிலிருந்து அழைத்து வருவது, உடை மாற்றுவது, வீட்டுப்பாடம் எழுதவைப்பது எல்லாம் முடிந்த பிறகு, பேரனுக்குத் தம் கைத்தொழிலைக் காட்ட எந்தத் தாத்தாவிடம் தெம்பு மிஞ்சும்? "இந்த வாரம் முடியாது" என்று அவர்கள் தயக்கமின்றிச் சொல்லும் நிலை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பும் நீங்கள், உங்கள் தாயுடன் தனியாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று? இத்தனை குறிப்புகளிலும் நான் பேரப்பிள்ளைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இருக்கும் மகனும் மகளும் அந்தப் பெரியவர்களுக்கு இன்னும் பிள்ளைகள்தாம். அவர்களோடும் தனியாக ஒரு பொழுது வேண்டும். அன்று மருந்துச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் பற்றிப் பேசாமல் இருங்கள்.

9 மார்ச் 2025

பதினைந்து வயதுப் பிள்ளை வர மறுக்கிறது என்பதே இப்போது அதிகம் வரும் கேள்வி. கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பெரியவரும் வருந்துவார். அந்த வயதில் "போய்ப் பேசிவிட்டு வா" என்பது எல்லையில்லாத வேலை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காரியத்தைக் கொடுங்கள். தாத்தாவின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவது, பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது, அவர் ஏறி எடுக்க முடியாத பரணை அவர் சொல்கிற வரிசையில் ஒழுங்குபடுத்துவது ஆகியவை அந்த வயதுக்குப் பொருந்தும். இதற்கு நேரெதிராக, பிள்ளையும் தாத்தாவிடம் ஏதாவது கேட்டுப் போக வேண்டும். சைக்கிளை வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லும்படியோ, எழுதிய கட்டுரையைப் படித்துத் திருத்தும்படியோ கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை உண்மையாகவே தேவைப்பட வேண்டும். ஒப்புக்குக் கேட்பதைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் பிள்ளை கிளம்ப விரும்பினால் கிளம்பட்டும். இருக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். சொல்வதானால் தாத்தா சொல்லட்டும்.